சூர்டோ மேளத்தோடு மெல்பேர்ணுக்கு

சிட்னி கெல்லிவில்லில் இருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். மார்ச் மாதம் குடும்பத்தோடு காரில் மெல்பேர்ண் போய் நகர ஊர்வலம் பார்க்கப் போகிறார்களாம். எந்த வழியால் போவது, எங்கே நின்று பார்ப்பது, பிள்ளைகளுக்கு அலுக்குமா என்று கேள்விகள். நான்கு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் அந்த ஊர்வலத்துக்கு முதன்முதல் போனது 1977இல். அதுவும் பார்க்கப் போகவில்லை, மேளம் அடிக்கப் போனேன். பிரேசில் நாட்டுச் சாம்பா மேளம். ஆகவே பதில் நீண்டுவிட்டது. அவசரக்காரர்கள் கடைசிப் பகுதிக்கு நேரே போகலாம், நான் கோபிக்க மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என் கணவர் ராசன் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் கீறிக்கொண்டிருந்தார். சிட்னியில் தமிழ்ச் சனம் மிகக் குறைவு. ரயிலில் ஒரு சேலையைக் கண்டால் இறங்கவேண்டிய இடத்தையும் மறந்து போய்க் கதை கொடுப்போம்.

அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பகுதியில் லூர்தெஸ் வேலை செய்தாள். ரியோ டி ஜெனீரோக்காரி. ஒரு நாள் சாப்பாட்டறையில் என் பக்கத்து இருக்கையைக் காட்டி, இந்தக் கதெய்ராவில் ஆள் இருக்கோ என்று கேட்டாள். ஆங்கிலச் சொல் அவசரத்துக்கு வரவில்லை. நான் "கதிரை" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அவள் காலணியைத் தொட்டுச் சப்பாத்தோ என்றாள், நான் சப்பாத்து என்றேன். பிரேசிலில் பேசுவது போர்த்துக்கேய மொழி, குசினி, சாவி, மேசை, சன்னல் எல்லாம் வந்தன. போர்த்துக்கேயர் எங்கள் கரையில் என்னென்ன அநியாயம் செய்தார்களோ, நானூறு வருஷம் கழித்து எனக்கு ஒரு சிநேகிதியைத் தந்துவிட்டார்கள். அவள் என்னோடு பேசியது உடைந்த ஆங்கிலம். என் மனதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்து கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவள் அவுஸ்திரேலியாவுக்கு வந்தபோது சூட்கேஸ் கொண்டுவரவில்லை. சூர்டோ என்ற பெரிய மேளம் ஒன்று கொண்டுவந்தாள். எங்கள் தவிலைப்போல இரண்டு பங்கு உயரம், தோளில் வாரோடு தொங்கும், ஒரு கோலால் அடிப்பது. அதன் ஒரு பக்கத் தோலைக் கழற்றி, உள்ளே உடுப்புகளை அடுக்கி, மூடிக்கட்டி விமானத்தில் ஏற்றியிருக்கிறாள். ஊரில் அவர்களுக்குக் கார்னிவல் என்பது மாசி மாத வெயிலில் தெருவெல்லாம் ஆட்டமும் பாட்டும். இங்கேயும் மாசியில் அதே வெயில்தான். வெயில் இருக்கிறது, தெரு இருக்கிறது, மேளம் மட்டும் இல்லை என்பது அவளுடைய குறை. அந்தக் குறையைத் தீர்க்க அவளே ஒரு குழு சேர்த்தாள். பிரேசில்காரர் மூன்று பேர்தான். மிச்சம் சிலி நாட்டார், ஒரு போர்த்துக்கேயத் தம்பதி, நடனம் பிடித்த இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள்.

எனக்கு முதலில் கொடுத்த வேலை தையல். சுழன்று ஆடும்போது குடைபோல விரியும் பாவாடைகளுக்கு மீற்றர் கணக்காகத் துணி வேண்டும், காசு இல்லை. என் நைலெக்ஸ் சேலைகள் ஒவ்வொன்றாகப் போயின. கூறைச் சேலையும் வெள்ளைப் பட்டொன்றும்தான் அலமாரியில் மிஞ்சின. ராசன் ஒரு நாள் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, இனி தன்னுடைய வேட்டிதானோ என்று கேட்டார்.

சனிக்கிழமை காலைகளில் பரமட்டாக் கடைத்தெருவில் குழு ஆடிக்காட்டும். நான் துண்டுப் பிரசுரம் கொடுப்பேன். சாம்பா கற்றுத்தருகிறோம், வாருங்கள் என்று அதில் இருக்கும். ஒரு அம்மா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, யானை எப்போது வரும் என்று கேட்டார். சர்க்கஸ் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். பலர் நின்று பார்த்தார்கள், கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளைகளாக. ஒருவரும் காலை அசைக்கவில்லை.

ஒத்திகைக்கு இடமில்லாததுதான் பெரிய கரைச்சல். லூர்தெஸ் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜில் அடிப்போம். அயலவர் முறையிட்டு இரண்டு தடவை பொலிஸ் வந்துபோனது. மூன்றாம் தடவை வந்தால் வீட்டை விடவேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பக்கத்தில் ஒரு பொது மண்டபம் இருந்தது. அதன் நிர்வாகிகள், நீங்கள் யார், எங்கேயாவது ஒழுங்காக மேடை ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை. ஆகவே எங்களையும் சேருங்கள் என்று லூர்தெஸ் மெல்பேர்ணுக்கு எழுதிக் கேட்டாள். நகர ஊர்வலத்தில் வாலில் ஒரு இடம் தரலாம், முதலில் பார்ப்போம் என்று அங்கிருந்து பதில் வந்தபோது லூர்தெஸ் துள்ளிக் குதித்தாள். பிறகு மேளத்தில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இது சரிவரயில்லையெண்டால், இதுக்குள்ள திரும்ப உடுப்பை அடுக்கிக்கொண்டு ஊருக்குப் போயிடுவன். தெருவில ஆடாமல் எனக்கு இன்னொரு மாசி வேண்டாம்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, சூர்டோ அடிக்கிற ஜோர்ஜுக்கு லீவு இல்லை என்று அவன் வேலைத்தலத்தில் சொல்லிவிட்டார்கள். அடிக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை. லூர்தெஸ் என்னைப் பார்த்தாள். நான் ஊரில் எட்டு வருஷம் பரதநாட்டியம் படித்தவள் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லியிருந்தேன். நான் படித்தது ஆட்டம், அடி அல்ல என்று எவ்வளவோ சொன்னேன். "காலுக்குத் தெரிஞ்சால் கைக்கும் வரும்" என்று கோலை என் கையில் திணித்துவிட்டாள்.

வந்த வினை அங்கேதான். நடனம் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களுக்குத் தாளம் தொடங்கும் இடம்தான் எல்லாம். எங்கே சுற்றினாலும், எவ்வளவு கணக்குப் போட்டாலும், கடைசியில் அந்த முதல் தட்டில், சமத்தில், வந்து விழவேண்டும். ஆசிரியை தட்டுக்கழியால் பலகையில் தட்டித் தட்டி அதை என் எலும்புக்குள் இறக்கியிருந்தார். சாம்பாவில் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் பெரிய மேளத்தின் பாரம் இரண்டில் விழவேண்டும். ஒன்று வெறும் மூச்சு. நானோ ஒன்றில் ஓங்கிப் போடுவேன். சூர்டோ தவறினால் சின்ன மேளங்கள் எல்லாம் அதன் பின்னால் தவறும். அரைச் சுற்றில் சாம்பா இராணுவ அணிவகுப்பாக மாறிவிடும். இருபது முறை திருத்தியும், கொஞ்சம் பயந்தால் கை மறுபடி ஒன்றில் போய் நிற்கும். லூர்தெஸ் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை விடிய நாலு மணிக்குப் பரமட்டாவில் இருந்து புறப்பட்டோம். இரண்டு வான்கள். ஒன்று மரக்கறி வியாபாரி ஒருவரிடம் இரவல் வாங்கியது, வழிமுழுக்க வெங்காய வாசம். அதை ராசன் ஓட்டினார். ஹியூம் நெடுஞ்சாலையால் மெல்பேர்ண் ஏறத்தாழ 870 கிலோமீற்றர். இப்போது உள்ள பாதையை நினைக்காதீர்கள். அன்றைக்குப் பெரும்பாலும் போக ஒன்று, வர ஒன்று. ஏற்றத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் அகப்பட்டால் அடுத்த ஊர்வரை அதன் புகைதான். கோல்பர்ன், யாஸ், கண்டகாய் என்று ஒவ்வொரு ஊரின் நடுவாலும் பாதை போகும். அதில் ஒரு நன்மையும் உண்டு, ஒவ்வொரு ஊரிலும் பேக்கரி இருக்கும். இறைச்சி வைத்துச் சுட்ட பை ஒன்று நாற்பது சதம். பெற்றோலுக்கு ஆளுக்கு ஏழு டொலர் போட்டோம்.

மாநில எல்லைக்குக் கிட்டப் பழங்கள் கொண்டுபோகக் கூடாது, பழ ஈ பரவும் என்று பலகை வைத்திருந்தார்கள். ராசனிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. எறிய மனம் வரவில்லை. பாதையோரத்தில் நிறுத்தி, எங்களுக்கு ஆளுக்கொன்று தந்துவிட்டு மிச்சம் ஏழையும் தானே சாப்பிட்டு முடித்தார். அதன் பின் மெல்பேர்ண் வரை நெளிந்துகொண்டுதான் ஓட்டினார்.

எல்லையை எட்டுவதற்கு முன்பே, ஹோல்புரூக்குக்குக் கிட்ட ஒரு தரிப்பிடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நின்றோம். நான் மேளத்தை மாட்டிக்கொண்டு மரத்தடியில் நின்று பழகினேன். ஒன்றில்தான் விழுந்தது. ராசனுக்கு இசையறிவு சுத்தமாக இல்லை, தேவாரம் பாடினால் சாமியே எழும்பிப் போகும். ஆனால் மனிசனுக்கு எதையும் உற்றுப் பார்க்கும் குணம் உண்டு.

"நீர் ஆடேக்க கால்தானே முதல் தட்டு வைக்கிறது," என்றார். "இப்ப கால் சும்மா நிக்குது. அதுதான் அந்த வேலையையும் கை பாக்குது. நடந்துகொண்டு அடிச்சுப் பாரும்."

நடந்தேன். இடது கால் நிலத்தில் விழும்போது என் சமம் அங்கே போய்விட்டது. கை விடுபட்டு, அடுத்த தட்டில் தானாக இறங்கியது. தரிப்பிடத்தை மூன்று தரம் சுற்றினேன், ஒருதரமும் பிசகவில்லை. லூர்தெஸ் கடித்த பாணைக் கையில் வைத்துக்கொண்டே எழும்பி ஆடத் தொடங்கிவிட்டாள். லொறிக்காரர் ஒருவர் வந்து, கலியாணம் எங்கே என்று கேட்டார். திங்கட்கிழமை மெல்பேர்ணில், நீங்களும் வாருங்கள் என்று லூர்தெஸ் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தாள்.

மாலை ஆறு மணிக்கு மெல்பேர்ண் போய்ச் சேர்ந்தோம். மற்றவர்கள் புட்ஸ்கிறேயில் ஒரு சிலி நாட்டுக் குடும்பத்தின் வீட்டில் நிலத்தில் படுத்தார்கள். ராசனுக்கு நிலத்தில் படுத்தால் இடுப்புப் பிடிக்கும் என்பதால் நாங்கள் மோட்டல். இரவுக்குப் பதினாலு டொலர். அந்தக் காசுக்குச் சிட்னியில் ஒரு கிழமை மரக்கறி வாங்கலாம் என்று அடுத்த நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை ஸ்வான்ஸ்டன் வீதியில் நல்ல வெயில். இரண்டு பக்கமும் சனம், முன்வரிசையில் மடிப்புக் கதிரைகளோடு குடும்பம் குடும்பமாக. எங்களுக்கு முன்னால் அட்டையும் கம்பியும் கொண்டு செய்த ஒரு வெள்ளை அன்னம், லொறியின் மேல் வீடு உயரத்துக்கு. எங்களுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, தெருக் கூட்டும் வண்டிதான். வெள்ளைத் தொப்பி போட்ட பொறுப்பாளர் ஒருவர் விசிலோடு கூடவே நடந்தார். அடுத்த வருஷமும் எங்களைக் கூப்பிடுவதா என்று முடிவு செய்பவர் அவர்தான் என்று லூர்தெஸ் என் காதில் சொன்னாள்.

நடக்கத் தொடங்கினோம். டிராம் தண்டவாளங்களுக்கு நடுவால் என் கால் ஒன்று வைக்க, கை இரண்டு வைத்தது. என் பழைய சேலைகள் எனக்கு முன்னால் சுழன்றன. மாம்பழ மஞ்சள் என் முதல் சம்பளத்தில் வாங்கியது, கிளிப்பச்சை அம்மா அனுப்பியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சனம் மட்டும் பரமட்டாவில் போலத்தான், கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பார்த்தது. பொறுப்பாளர் இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நகர மண்டபத்தைத் தாண்டுவதற்குள் அன்னத்தின் கழுத்து டிராம் மின்கம்பியில் முட்டும்போல வந்துவிட்டது. விசில் ஊதி எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஏணி கொண்டுவந்து கழுத்தைக் கழற்றத் தொடங்கினார்கள். பொறுப்பாளர் எங்களிடம் ஓடிவந்து, சனம் கலையப்போகிறது, நின்ற இடத்திலேயே ஏதாவது அடியுங்கள் என்றார்.

நின்ற இடத்தில். எனக்கு உள்ளங்கை குளிர்ந்தது. நாலைந்து சுற்று சமாளித்தேன். பிறகு நின்றுபோன காலின் வேலையைக் கை எடுத்துக்கொண்டது. ஒன்றில் விழுந்தது, ஓங்கி விழுந்தது. சின்ன மேளங்கள் தடுமாறி என் பின்னால் வந்தன. ஆடியவர்கள் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். திருத்தப் பார்த்தேன், இன்னும் ஓங்கி ஒன்றில் விழுந்தது. சாம்பா செத்து அணிவகுப்பாகிவிட்டது. லூர்தெஸின் மேளத்துக்குள் உடுப்பு அடுக்குவதுதான் என் கண்முன் வந்தது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. கைதட்டு. அணிவகுப்புத் தாளம் அவர்களுக்குத் தெரிந்த தாளம். மடிப்புக் கதிரையில் இருந்த ஒரு தடித்த அப்பா முதலில் தட்டினார். பிறகு அவர் பக்கத்தார், பிறகு எதிர்ப்பக்கம், பிறகு தெருவே. எல்லாரும் ஒன்றில் தட்டினார்கள். அன்றைக்குக் காலை முதல் தரமாக அவர்களுடைய கை அவிழ்ந்தது.

லூர்தெஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கண்ணீரையும் கண்டாள். மேளத்தை நிறுத்தச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிச் சனத்தோடு சேர்ந்து தட்டினாள், ஒன்றில். தட்டிக்கொண்டே என்னிடம் நடந்துவந்து, என் கோலை மேளத்தில் விழாமல் பிடித்து வைத்தாள்.

"ஒண்டை அவையளிட்ட குடு," என்றாள். "அவையள் நல்லாப் பிடிக்கினம். நீ மற்றதைப் பிடி."

கோலை விட்டாள். சனத்தின் கைதட்டு ஒன்றில் விழுந்தது, அவ்வளவு பேரின் கை, பிசகாத சமம். என் காலுக்குப் பதில் ஒரு தெருவே தாளம் வைத்தது. எனக்குச் செய்ய மிச்சம் இருந்தது அடுத்ததுதான். அடித்தேன். இரண்டில் விழுந்தது.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. சின்ன மேளங்கள் புகுந்தன. பாவாடைகள் விரிந்தன. தட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் தங்கள் தட்டுக்கும் என் அடிக்கும் நடுவில் ஏதோ இழுப்பது தெரிந்திருக்கவேண்டும், உடம்பு ஆடத் தொடங்கியது. அந்தத் தடித்த அப்பா கதிரையை விட்டு எழும்பினார். டிராம் கண்டக்டர் ஒருவர் டிக்கெட் பையோடு இடுப்பை ஆட்டினார். கழுத்தில்லாத அன்னம் முன்னால் போய்விட்டது, தெருக் கூட்டும் வண்டி பின்னால் வந்து முட்டி நிற்கிறது, நாங்கள் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தோம். பொறுப்பாளர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். ராசன் நடைபாதையில் ஒரு வெள்ளைக்கார அம்மாவோடு ஆடினார். இரண்டு பேருக்கும் தாளம் இல்லை, நல்ல சோடி.

முடிந்த இடத்தில் பொறுப்பாளர் லூர்தெஸின் கையைப் பிடித்து, அடுத்த வருஷம் வாலில் இல்லை, நடுவில் என்றார். அடுத்த நாள் அவரே பரமட்டா மண்டபத்துக்கு டெலிபோனில் எங்களைப் பற்றிச் சொன்னார். வியாழன் மாலைகள் எங்களுக்குக் கிடைத்தன. ஜோர்ஜ் திரும்பி வந்து சூர்டோவைக் கேட்டபோது லூர்தெஸ் அவனுக்கு வேறு மேளம் வாங்கிக்கொடுத்தாள். அவள் ஊருக்குப் போகவில்லை. அந்த மேளத்துக்குள் பிறகு ஒருநாளும் உடுப்புப் போகவில்லை.

சரி, கெல்லிவில் வாசகிக்கு. இப்போது பாதை முழுக்க இரட்டைப் பாதை. மெல்பேர்ண் ட்ருகனினாவில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு நிறுத்தங்களோடு பத்து மணித்தியாலத்தில் போய்விடுகிறோம். ஊர்களைச் சுற்றிக்கொண்டு பாதை போவதால் பேக்கரிகள் கண்ணில் படாது. ஆகவே கண்டகாயில் வேண்டுமென்றே இறங்குங்கள். பழம் கொண்டுபோகும் விதிகள் அடிக்கடி மாறும், புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள், வாழைப்பழத்தை அதற்கு முதலே சாப்பிட்டு முடியுங்கள். நகருக்குள் காரைக் கொண்டுபோகாமல் வெளியே விட்டுவிட்டு ரயிலில் போங்கள். தொப்பி, தண்ணீர், மடிப்புக் கதிரை மூன்றும் கட்டாயம். ஊர்வலம் தொடங்க ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போனால் முன்வரிசை கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு அலுக்குமா என்று கேட்டீர்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எவருக்கும் அலுக்கும். மேளம் வரும்போது தட்டச் சொல்லுங்கள். எங்கே தட்டுவது என்று தெரியாவிட்டால் எங்கேயாவது தட்டட்டும், நீங்களும் தட்டுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் தாளம் தப்பு என்று திருத்த வந்தாலும் நிறுத்தவேண்டாம். மேளக்காரர் வரிசையில், கால் நின்றுபோய், பயத்தில் உள்ளங்கை குளிர்ந்து, அந்த ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு யாராவது நிற்கக்கூடும்.